சிறு யந்திரங்களுக்கும் எல்லை வேண்டும்

வத்திராயிருப்புக்கு மேற்கே, மலையடிவாரத்தில், பெரியாறு, கோவிலாறு என்னும் இரண்டு ஆறுகளின் குறுக்கே தனித்தனியாக எழுப்பப்பட்டிருக்கும் பிளவக்கல் அணைகளில் இன்று எத்தனை அடித் தண்ணீர் நிற்கிறது என்பதை மழைக்காலத்தில் பத்திரிகைகள் அச்சிடுகின்றன. அந்த எண்ணைப் படித்தவுடனே, நாற்று விடலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்று கண்மாய்ப் பாசனத்துக் குடியானவர் தீர்மானித்துவிடுகிறார். அணையை அவர் நேரில் போய்ப் பார்க்கவில்லை. ஆயினும் அந்த எண்ணை நம்புகிறார். அணை கட்டிய காலத்திலேயே சுழி எது என்று ஒரு புள்ளியை நிர்ணயம் செய்து, அங்கிருந்து மேல்நோக்கி அடிக்கணக்கைக் குறித்து, இந்த மட்டத்துக்கு மேல் தண்ணீரைத் தேக்கலாகாது என்று உச்சத்தையும் பொறியியலாளர் வரையறுத்து வைத்திருப்பதே அந்த நம்பிக்கைக்கு ஆதாரம். சுழியும் உச்சமும் நிர்ணயிக்கப்படாத அளவுகோலில் முப்பது என்று ஓர் எண் தெரிந்தால் அதனால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

இந்தச் சாமான்யமான உண்மையை இங்கே எடுத்துச் சொல்வதற்கு ஒரு முகாந்தரம் உண்டு. எண்களின் கட்டளைப்படி மரத்தையும் உலோகத்தையும் குடைகிற, மேஜையின் மேல் தூக்கி வைத்துவிடக்கூடிய சிறிய சி.என்.சி. மில்லிங் யந்திரங்கள் சில வருஷங்களாக நம் சிற்றூர்களுக்குள் வந்துகொண்டிருக்கின்றன. பொறியியல் மாணவர் ஒருவர் சேமித்த பணத்தில் வாங்கி வீட்டு மாடியில் வைத்திருக்கிறார். பெயர்ப்பலகை செய்கிறவர் கடையின் பின்கட்டில் வைத்திருக்கிறார். பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் ஒன்று, பாலிடெக்னிக்கில் ஒன்று. நிலைக்கதவில் கஜலக்ஷ்மியும் தாமரையும் குடைகிற தச்சுப்பட்டறைகளில் இதே வகையின் பெரிய உருவம். வேலைப்பரப்பின் அளவு முப்பது சென்டிமீட்டருக்குப் பதினெட்டு என்பதால் 3018 என்றே பெயர் பெற்றுவிட்ட மாதிரிதான் இவற்றுள் அதிகம் விற்பது. விலை மலிவு, பாகங்களாக வரும், ஸ்குரூ டிரைவரும் ஆலன் சாவியும் இருந்தால் ஒரு மாலைப்பொழுதில் பூட்டிவிடலாம். நம் பிள்ளைகளின் கைக்கு இத்தகைய கருவி எட்டியிருப்பதைக் காட்டிலும் மகிழத்தக்க விஷயம் வேறில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் இவற்றுள் மலிவான பல யந்திரங்கள் தம் சுழி எங்கே, தம் எல்லை எங்கே என்று அறிவதற்கான எந்தச் சாதனமும் இல்லாமலே விற்கப்படுகின்றன. வாங்குகிறவர்களும் அதைக் கேட்பதில்லை. சொல்லிக்கொடுக்கிறவர்களில் பலரும் அதைக் கடைசிப் பாடமாக வைத்திருக்கிறார்கள், அல்லது பாடமாகவே வைப்பதில்லை. இது சரியன்று என்பதே என் அபிப்பிராயம்.

யந்திரம் ஏன் குருடாக இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இந்தச் சிறு யந்திரங்களை நகர்த்துவது ஸ்டெப்பர் மோட்டார். ஒரு முழுச் சுற்றுக்கு 200 படி என்று நிதானமாக எண்ணிச் சுழலும் தன்மை அதற்கு உண்டு. அந்த ஒவ்வொரு படியையும் மின்சுற்று பதினாறாகப் பகுத்துக் கொடுத்தால் சுற்றுக்கு 3,200 நுண்படி. அந்த மோட்டாரோடு பிணைத்த லீட் ஸ்குரூ ஒரு சுற்றுக்கு நான்கு மில்லிமீட்டர் நகர்த்துமானால், ஒரு மில்லிமீட்டருக்கு 800 நுண்படி என்று கணக்கு வருகிறது. எவ்வளவு நுட்பமான கணக்கு! ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் கட்டளை அனுப்புகிற பலகையின் ஞாபகத்தில் இருக்கிறதேயன்றி, மோட்டார் உண்மையிலேயே அத்தனை படி நகர்ந்ததா என்று திரும்பிப் பார்த்துச் சொல்லுகிற கண் அங்கே இல்லை. பெரிய தொழிற்சாலைகளில் உள்ள சர்வோ மோட்டாரின் முதுகில் என்கோடர் என்னும் அந்தக் கண் உண்டு. நம் மேஜை யந்திரத்தில் இல்லை. ஆகவே, மின்சாரத்தைப் போட்ட கணத்தில், கட்டரைச் சுழற்றுகிற ஸ்பிண்டில் எந்த மூலையில் நின்றுகொண்டிருந்தாலும், தான் நிற்கிற அந்த இடத்தையே சுழி என்று அது எடுத்துக்கொள்கிறது. வலப்பக்கம் நகரச் சொன்னால், வலப்பக்கத்தில் இடம் இருக்கிறதா இல்லையா என்று பாராமல் நகரத் தொடங்குகிறது. இரும்புச் சட்டத்தில் போய் இடித்த பின்னும், தான் நகர்ந்துகொண்டிருப்பதாகவே எண்ணிப் படிகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்போது எழுகிற கரகரவென்ற சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார். கப்ளிங் நழுவும், ஸ்குரூ வளையும், பெல்ட் பல் தாண்டும்; மரத்துக்குள்ளோ அலுமினியத்துக்குள்ளோ சுழன்றுகொண்டிருக்கும் மெல்லிய கட்டர் பட்டென்று ஒடிந்து பறக்கும். ஒடிந்த துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. குனிந்து கிட்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கண் அந்தத் திசையில் இருக்கக்கூடும்.

இதற்குப் பரிகாரமாக யந்திர சாஸ்திரம் கண்ட உபாயம்தான் ஹோமிங் என்பதும், பிரயாண எல்லை என்பதும்.

ஒவ்வொரு அச்சின் முனையிலும் ஒரு சிறு மைக்ரோ சுவிட்ச். அதன் விலை சில பத்து ரூபாய். யந்திரத்தை இயக்கியதும் ஹோமிங் என்று கட்டளை கொடுத்தால், முதலில் ஸ்பிண்டில் மேலே எழும்புகிறது. பக்கவாட்டில் நகரும்போது கட்டர் எதிலும் தட்டக்கூடாது என்ற முன்யோசனையினால்தான் மற்ற இரண்டு அச்சுகளுக்கும் முன்னதாக அது எழும்புகிறது. உச்சியில் சுவிட்சைத் தொட்டதும் க்ளிக் என்று ஒலி, சற்றே பின்வாங்குகிறது, மறுபடி, இம்முறை மிக மெதுவாக, போய்த் தொடுகிறது, மறுபடி ஒரு மில்லிமீட்டர்போலப் பின்வாங்கி நிற்கிறது. பிறகு குறுக்கச்சும் நெட்டச்சும் அவ்வாறே தத்தம் சுவிட்சைத் தேடிப் போய்த் தொட்டு விலகி நிற்கின்றன. வேகமாகத் தேடுவது காலத்தை மிச்சப்படுத்துவதற்கு. மெதுவாகத் தொடுவது இடத்தைத் துல்லியமாக அறிவதற்கு. சாதாரண சுவிட்சே ஆனாலும், இந்த இரட்டைத் தொடுகையினால் ஏறக்குறைய ஒரு காகிதத்தின் கனத்துக்குள் தன் ஸ்தானத்தை யந்திரம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்துவிடுகிறது. இதை முதன்முதலாகப் பார்க்கிற மாணவரின் முகத்தில் உண்டாகும் ஆச்சரியத்தை நான் பார்த்திருக்கிறேன். மோட்டாரும் இரும்புமாகக் கிடந்த ஒன்று தானே தன் இடத்தை விசாரித்து அறிந்து, சாந்தமாக நின்று, அடுத்த கட்டளைக்குக் காத்திருப்பது உண்மையில் ஆச்சரியமான காட்சிதான்.

ஸ்தானம் தெரிந்துவிட்டால் எல்லை சொல்வது எளிது. நம் ஊர்களில் புழங்கும் சிறு யந்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் உள்ளே இருப்பது, நார்வேயைச் சேர்ந்த சிமென் ஸ்வாலே ஸ்கோக்ஸ்ருட் என்பவர் 2009ஆம் ஆண்டில் எழுதி, எல்லோரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் வைத்த ஜி.ஆர்.பி.எல். என்னும் நிரல். ஆர்டுயினோ யூனோ என்கிற, உள்ளங்கையில் அடங்கும் பலகையிலேயே அது ஓடிவிடும். 1952ஆம் ஆண்டில், ஜான் பார்சன்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து முளைத்து, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் எண்களின் கட்டளைக்கு ஆட்பட்டு ஓடிக் காட்டப்பட்ட முதல் மில்லிங் யந்திரத்துக்கு, வெற்றிடக் குழல்கள் நிறைந்த பெரும் பெட்டியொன்று மூளையாக இருந்தது. அந்த மூளையின் வேலையை இன்று உள்ளங்கைப் பலகை செய்கிறது. அந்தப் பலகையில் எண்ணிட்ட சில அமைப்புகள் உண்டு. 20ஆம் எண், மென்பொருள் எல்லையைக் கவனிக்கச் சொல்வது; 21ஆம் எண், சுவிட்ச் எல்லையைக் கவனிக்கச் சொல்வது; 22ஆம் எண், ஹோமிங்கைச் செயல்பட வைப்பது; 130, 131, 132 ஆகிய மூன்றும் மூன்று அச்சுகளின் பிரயாண தூரம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தெரிவிப்பவை. யந்திரத்தின் உயிரும் ஓட்டுகிறவரின் ஜாக்கிரதையும் இந்தச் சில எண்களில்தான் அடங்கியிருக்கின்றன.

அந்த மூன்று தூரங்களையும் நிர்ணயிப்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். நிரலோடு வருகிற ஆரம்ப மதிப்பு 200 மில்லிமீட்டர். அதை மாற்றாமலே விட்டுவிடுகிறவர்கள் ஒரு சாரார். விற்றவர் அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் அளவையே எழுதிவிடுகிறவர்கள் மற்றொரு சாரார். பெட்டியில் 300 என்றிருக்கலாம். ஆனால் சுவிட்சைப் பொருத்திய பிறகு, ஸ்பிண்டிலைப் பிடித்திருக்கும் தாங்கியின் கனத்தைக் கழித்த பிறகு, உண்மையில் நகரக் கிடைப்பது அதைவிடக் குறைவு. அளந்து பார்ப்பதே வழி. கட்டரைக் கழற்றிவிட்டு, ஹோமிங் செய்து, ஒரு கையை அவசர நிறுத்த பட்டனின் மேல் வைத்துக்கொண்டு, எதிர்முனையை நோக்கிச் சிறுகச் சிறுக நகர்த்தி, இடிப்பதற்குச் சற்று முன்னால் நிறுத்தி, திரையில் தெரிகிற எண்ணைக் குறித்துக்கொண்டு, அதிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டரைக் குறைத்து எழுதிவைக்க வேண்டும். அந்த எண்ணுக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்பதைக் கண்டு மாணவர்கள் திகைப்பார்கள், இந்த நிரலின் வழக்கப்படி ஹோமிங் செய்த மூலையே சுழியாகவும், யந்திரத்தின் மற்ற இடமெல்லாம் சுழிக்குக் கீழாகவும் எண்ணப்படுவதால் அப்படித் தெரிகிறது, பயப்படத் தேவையில்லை. தூரத்தை உள்ளதைவிட மிகவும் குறைத்து எழுதினாலும் தொல்லைதான். சுவிட்சைத் தேடிப் போகும்போது எழுதிவைத்த தூரத்தைப் போல் ஒன்றரை மடங்குவரைக்கும்தான் அது தேடும். அதற்குள் சுவிட்ச் தட்டுப்படாவிட்டால் ஒன்பதாம் எண் எச்சரிக்கையைக் காட்டி நின்றுவிடும்.

இரண்டு வகை எல்லைகளுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கிற உபாத்தியாயர்கள் அபூர்வமாகவே இருக்கிறார்கள். ஆகையால் அதை இங்கே சற்று விரித்துச் சொல்கிறேன். மென்பொருள் எல்லை என்பது, கட்டளையைப் படித்த மாத்திரத்திலேயே, இது என் பிரயாண தூரத்துக்கு அப்பாற்பட்டது என்று கணக்கிட்டு அறிந்து, வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து நிதானமாக நின்றுவிடுவது. அப்போது தன் ஸ்தானத்தின் ஞாபகம் கெடுவதில்லை. சுவிட்ச் எல்லை என்பது, கணக்கையெல்லாம் மீறி ஸ்பிண்டில் உண்மையாகவே முனைக்குப் போய்ச் சுவிட்சில் மோதிய கணத்தில் எல்லாவற்றையும் உடனே நிறுத்திவிடுவது. திடீரென்று நிற்பதால் சில படிகள் தவறியிருக்கக்கூடும். ஆகவே மறுபடி ஹோமிங் செய்தே தீர வேண்டும். முன்னது ஹோமிங்கை ஆதாரமாகக் கொண்டது. ஹோமிங் செய்யாத யந்திரத்தில் மென்பொருள் எல்லைக்கு அர்த்தமே இல்லை. பின்னது எந்தக் கணக்கையும் நம்பாமல், பிரத்யட்சமாகத் தொட்டதை மட்டும் நம்புவது. இரண்டும் வேண்டும். இரண்டும் சேர்ந்தாலும், மேஜையில் வேலைப்பொருளை இறுக்கியிருக்கிற கிளாம்ப் எங்கே நிற்கிறது என்பதோ, பலகையின் கனம் எவ்வளவு என்பதோ அவற்றுக்குத் தெரியாது; அங்கே ஓட்டுகிறவரின் கண்ணும் புத்தியுமே காவல். இந்த எல்லைகள் இருந்துவிட்டால் எந்த அபாயமும் வராது என்று சொல்லி யாரையும் ஏமாற்ற நான் விரும்பவில்லை.

சுவிட்சை வைத்தவர்களிலேயே பலர் சில நாட்களில் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற விஷயம். வேலை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். முனைக்கு வெகு தூரத்தில் நடுமேஜையில் கட்டர் இருக்கும். எல்லை மோதிவிட்டது என்று யந்திரம் பொய்யாகக் கூவி நின்றுவிடும். அரைமணி நேரத்து வேலை பாழ். மூன்றாம் முறை அப்படி ஆனதும், 21ஆம் எண்ணைச் சுழியாக்கிவிட்டு, இந்தச் சனியனே வேண்டாம் என்று வேலையைத் தொடர்கிறார்கள். கோபம் நியாயமானதே, ஆனால் குற்றம் சுவிட்சினுடையது அன்று. ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகிற கம்பியோடு சேர்த்து ஒரே கட்டாகச் சுவிட்சின் மெல்லிய கம்பியையும் கட்டிவிட்டால், மோட்டாரின் மின்னிரைச்சல் அதில் தொற்றிக்கொள்ளும். அந்த இரைச்சலையே சுவிட்சின் குரல் என்று பலகை மயங்கிவிடுகிறது. கம்பிகளைத் தனித்தனி வழியில் கொண்டுபோக வேண்டும். உறையிட்ட கம்பியை உபயோகித்து, அந்த உறையை ஒரு முனையில் மட்டும் எர்த்தில் சேர்க்க வேண்டும். பலகையின் வாயிலில் ஒரு சிறு மின்தடையும் ஒரு சிறு கெபாசிட்டரும் வைத்தால் இரைச்சலின் பெரும்பகுதி அங்கேயே வடிந்துவிடும். இன்னும் நல்லது வேண்டுமென்றால் ஆப்டோகப்ளர் வைக்கலாம். இவற்றுக்கு ஆகிற செலவு ஒரு நல்ல கட்டரின் விலைகூட ஆகாது.

கம்பியைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் வற்புறுத்த வேண்டியிருக்கிறது. மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள் இருக்கும். அமுக்கினால் சுற்று சேரும்படி ஒரு விதமாகவும், அமுக்கினால் சுற்று பிரியும்படி இன்னொரு விதமாகவும் அதை இணைக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முதல் முறையில், எலி கடித்தோ, நகர்ந்து நகர்ந்து தேய்ந்தோ கம்பி அறுந்துபோனால், சுவிட்ச் செத்துப்போனது யாருக்கும் தெரியாது. எல்லையில் மோதும்போதுதான் தெரியவரும், அப்போது தெரிந்து பயனில்லை. இரண்டாவது முறையில், கம்பி அறுந்த கணமே சுற்று பிரிந்துவிடுவதால் யந்திரம் உடனே நின்று, என்னைப் பார் என்று சொல்லிவிடுகிறது. எது அறிவுடைய முறை என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. அந்த முறைக்கேற்ப 5ஆம் எண் அமைப்பை மாற்றிக்கொள்வதும் ஒரு நிமிஷ வேலை. ஆனால் பாகங்களாக வருகிற பெட்டிகளின் விளக்கத்தாளில், எளிமைக்காக முதல் முறையையே வரைந்துவிடுகிறார்கள். பட்டறை அனுபவமுள்ள பிட்டர் ஒருவர், ஹோமிங் கட்டளை கொடுப்பதற்கு முன்னால், ஒவ்வொரு சுவிட்சையும் தம் விரலாலேயே அமுக்கி, திரையில் அந்த அச்சின் எழுத்து தோன்றுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே செல்வார். மூன்று விரல் தொடுகைகள். ஆகிற காலம் பத்து விநாடி. குறுக்கச்சின் கம்பியை நெட்டச்சில் மாட்டியிருந்தால்கூட அந்தப் பத்து விநாடியில் வெளிப்பட்டுவிடும். இதைக் காட்டிலும் உயர்ந்த பயிற்சி ஒன்றை நம் தொழிற்கல்வியில் நான் அறியேன்.

இவ்வளவும் நம் சீமைக்குப் புதிதா என்றால், இல்லை. பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1936ஆம் ஆண்டில் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்த நாள் முதலாக, தானே நிற்கத் தெரிந்த யந்திரங்களோடு இந்த வட்டாரத்து ஜனங்கள் வாழ்ந்துவந்திருக்கிறார்கள். டிராபிரேமில் பஞ்சுப்புரி அறுந்தால் யந்திரம் நின்று விளக்கெரிந்து ஆளைக் கூப்பிடும். அதற்கு ஸ்டாப் மோஷன் என்று பெயர் என்பதை மில்லுக்குப் போகிற பெண்மணிகளும் அறிவார்கள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறவர்களைக் கேட்டால், பாவில் ஓர் இழை அறுந்ததைக் கவனியாமல் தறி ஓடிக்கொண்டே இருந்தால் எத்தனை கஜம் துணி நஷ்டம் என்று கணக்குச் சொல்வார்கள். ஜப்பானில் சகிச்சி டொயோடா 1896ஆம் ஆண்டில் செய்த விசைத்தறியில், ஊடை நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும்படியான உபாயத்தை வைத்தார். கோளாறு கண்டவுடன் யந்திரம் தானே நிற்க வேண்டும் என்ற அந்தக் கொள்கையே பிற்காலத்தில் அவர் குடும்பத்தார் தொடங்கிய மோட்டார் தொழிலுக்கும் அடிப்படையாயிற்று. நூல் அறுந்தால் நஷ்டம் துணி. மேஜை யந்திரம் எல்லை தாண்டினால் நஷ்டம் ஒருவேளை கண். துணிக்குக் கொடுத்த காவலைக் கண்ணுக்குக் கொடுக்க நாம் தயங்குவானேன்?

மில்லில் இந்தக் காவல்கள் வந்ததற்குச் சட்டமும் ஒரு காரணம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், யந்திரங்களின் அபாயகரமான பாகங்களுக்கு வேலியிட்டே தீர வேண்டும் என்று விதித்தது. ஆனால் அது பல பேர் கூடி வேலை செய்கிற தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்டது. வீட்டு மாடியில் தனியாக ஒரு மாணவர் ஓட்டுகிற யந்திரத்தைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. வர வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. பொழுதுபோக்குக்காகவும் அறிவுத்தாகத்தினாலும் ஒருவர் தம் வீட்டில் செய்கிற காரியத்தில் சர்க்கார் தலையிடுவதை நான் விரும்புகிறவன் அல்லன். ஆகையினாலேயே, சட்டம் செய்கிற வேலையைப் பழக்கம் செய்ய வேண்டியிருக்கிறது. பழக்கத்தைப் பள்ளிக்கூடம் உண்டாக்க வேண்டியிருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் இதற்கு வாய்ப்பு இல்லாமல் இல்லை. மத்திய சர்க்கார் 2016ஆம் ஆண்டு தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய்வரை மானியம் கிடைக்கிறது. அந்த ஆய்வகங்களில் முப்பரிமாண அச்சு யந்திரம் இருக்கிறது. அந்த அச்சு யந்திரத்தை இயக்கிய ஒவ்வொரு பிள்ளையும் ஹோமிங்கைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சிடத் தொடங்குவதற்கு முன்னால் அது மூலைக்குப் போய்ச் சுவிட்சைத் தொட்டுவிட்டு வந்தே தீரும். ஹோமிங் இல்லாத அச்சு யந்திரத்தை யாரும் விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. உருகிய பிளாஸ்டிக்கைச் சொட்டுகிற சாதுவான யந்திரத்தில் இது கட்டாயம். பல்லாயிரம் சுற்று வேகத்தில் எஃகுப் பல்லைச் சுழற்றுகிற யந்திரத்தில் மட்டும் இது விருப்பத்தைப் பொறுத்தது என்றால், அந்த ஏற்பாட்டில் நியாயம் எங்கே இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களை ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீனப்படுத்தும் திட்டத்தின்கீழ் அங்கே உயர்தர சி.என்.சி. யந்திரங்கள் வந்திருக்கின்றன. அந்தப் பெரிய யந்திரங்களில் எல்லைகளைத் தொழிற்சாலையிலேயே அமைத்துப் பூட்டி அனுப்பிவிடுகிறார்கள். மாணவர் பட்டனை அமுக்கினால் போதும். சௌகரியம்தான், ஆனால் அமைக்கத் தெரிந்தவர் அங்கே உருவாவதில்லை. அமைக்கக் கற்பதற்கு ஏற்ற யந்திரம் திறந்து கிடக்கிற இந்தச் சிறிய யந்திரமே. ஆகவே இதை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்காமல், ஐ.டி.ஐ.யிலும் பாலிடெக்னிக்கிலும், கிருஷ்ணன்கோவிலிலும் ராஜபாளையத்திலும் உள்ள பொறியியல் கல்லூரிகளிலும், முதல் வாரத்துப் பாடமாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அபாயத்தைச் சொல்லி மட்டும் இதை நான் வற்புறுத்தவில்லை, லாபமும் உண்டு. நம் ஊர்களில் மின்சாரம் எப்போது போகும் என்று நிச்சயமில்லை. கோடைமழைக்கு முந்திய காற்றடித்தாலே போதும். நான்கு மணி நேரம் ஓட வேண்டிய கதவு வேலைப்பாட்டில் மூன்றாவது மணி நேரத்தில் மின்சாரம் போனால், ஹோமிங் இல்லாத யந்திரம் தான் எங்கே நின்றோம் என்பதை அடியோடு மறந்துவிடுகிறது, கண்மதிப்பாக மறுபடி வைத்து ஓட்டினால் அரை மில்லிமீட்டர் விலகித் தாமரையின் இதழ் இரண்டாகத் தெரியும், தேக்குப்பலகை வீண். ஹோமிங் உள்ள யந்திரத்தில், வேலைப்பொருளின் மூலை யந்திரச் சுழியிலிருந்து எவ்வளவு தூரம் என்பது பலகையின் அழியாத நினைவில் இருக்கிறது; மின்சாரம் வந்ததும் ஹோமிங் செய்துவிட்டு, விட்ட வரியிலிருந்து தொடரலாம். தச்சுப்பட்டறைக்காரருக்கு இந்த ஒரு காரணமே போதும். ஆயினும், என் கண்ணே எனக்கு சுவிட்ச் என்று சொல்கிற அனுபவசாலிகளை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களுடைய திறமையை மதிக்கிறேன். ஆனால் அந்தக் கண் இரவு பதினொரு மணிக்கும் அதே கண்தானா என்றும், அவர் சாப்பிடப் போகும்போது யந்திரத்தருகே நிற்கிற பையனின் கண்ணுக்கும் அதே பழக்கம் உண்டா என்றும் அவர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

விற்பனையாளர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. மூன்று அச்சுக்கும் சுவிட்சைப் பொருத்தி, கம்பி அறுந்தால் யந்திரம் நிற்கும்படியான முறையில் இணைத்து, பிரயாண தூரத்தை அளந்து எழுதி, அந்த எண்களைத் தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையாக யந்திரத்தின் பக்கத்திலேயே ஒட்டிக் கொடுக்கட்டும். கூடுதலாகச் சில நூறு ரூபாய் கேட்டால் கொடுப்பதில் தவறில்லை. சர்க்கார் பள்ளிகளும் கல்லூரிகளும் விலைப்புள்ளி கேட்கும்போது, குறைந்த விலையை மட்டும் பார்த்துச் சுவிட்ச் இல்லாத யந்திரத்தைத் தேர்ந்துவிடாதபடி, இந்த நிபந்தனைகளை விவரக்குறிப்பிலேயே எழுதிவிடுவது அவசியம். செய்முறைத் தேர்வில், வெட்டி முடித்த பொருளுக்கு மதிப்பெண் போடுவதுபோல், சுவிட்சைச் சோதித்து, ஹோமிங் செய்து, எல்லையை அளந்து அமைத்ததற்கும் தனியாக மதிப்பெண் போட வேண்டும். மதிப்பெண் இல்லாத எதையும் நம் மாணவர் கவனிக்க நேரம் பெறுவதில்லை என்பது எல்லோரும் அறிந்ததே.

ஏற்கெனவே யந்திரம் வாங்கி வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பலகையில் சுவிட்சுக்கான முனைகள் அநேகமாக இருக்கும்; வெறுமனே கிடக்கும். இந்த ஞாயிற்றுக்கிழமை மூன்று மைக்ரோ சுவிட்சுகளை வாங்கி அவற்றில் பொருத்துங்கள். விரலால் அமுக்கிச் சோதியுங்கள். கட்டரைக் கழற்றிவிட்டு ஹோமிங் செய்து, தூரத்தை அளந்து, 20, 21, 22 ஆகிய மூன்று எண்களையும் செயல்பட வையுங்கள். அவை செயல்படுகின்றன என்று தெரிந்த பிறகு மட்டும் உங்கள் பிள்ளையை அந்த யந்திரத்தின் முன்னால் உட்காரவிடுங்கள்.